கைப்பின்னலும் கைவினை இன்பமும்

மக்கள் நுகரும் இன்பங்களைக் கண்டு மகிழ்வன, கேட்டு மகிழ்வன, உண்டு மகிழ்வன எனப் பலவாறு பகுத்துரைப்பர். இவையெல்லாம் பெரும்பாலும் பிறர் ஆக்கிவைத்தவற்றை நாம் பெற்று நுகரும் இன்பங்களாம். இவற்றின் வேறாய், தன் கையால் ஒன்றை ஆக்கி, அஃது உருப்பெற்று எழுவதைத் தானே கண்டு மகிழும் இன்பம் ஒன்றுண்டு. அதனைச் செய்யின்பம் எனலாம். சமைப்போர் அதனை அறிவர், உழுவோர் அறிவர், விடியற்காலையில் வாயிலிற் கோலமிடும் மகளிர் அறிவர். கல்லூரியிற் பயிலும் நாமோ அதனை ஏறக்குறைய மறந்தே விட்டோம். நம் கை எழுதுகோலைப் பற்றுகின்றது. கைப்பேசியின் முகத்தைத் தடவுகின்றது. இவற்றிற்கு மேல் அஃது அறிந்த தொழில் யாது?

இக்கட்டுரைக்கு யான் எடுத்துக்கொண்ட பொருள், கம்பளிச் சட்டை பின்னுதலும் அதனை ஒத்த வீட்டுக் கைவினைகளுமாம். அவை வீட்டுச் செலவைக் குறைக்கும் என்று கூறி அவற்றைப் புகழ வந்தேனல்லேன். கம்பளி நூல் விற்கும் விலையை அறிந்தோர் அவ்வாறு கூறார். அவை செய்வார்க்கு ஒப்பற்ற இன்பம் தருவன என்பதும், அவ்வின்பத்தைத் தாமே துய்த்தவர்தாம் பிறர் கையுழைப்பின் மதிப்பை உள்ளவாறு அறிவர் என்பதுமே யான் ஈண்டு நிறுவக் கருதுவன.

நூலும் நூலும்

தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் புறம்பானதன்று. நாம் நாள்தோறும் கையிலேந்தும் புத்தகத்திற்கும், ஊசியிற் கோக்கும் இழைக்கும் நம் முன்னோர் நூல் என்னும் ஒரே பெயரை வழங்கினர். அப்பெயர்க்குக் காரணம் கூறவந்த நன்னூற் பாயிரம், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் அறிவை நூற்குங் கதிராகவும் உருவகஞ் செய்கின்றது. பிறிதோரிடத்தில், தச்சன் எற்றும் நூல் மரத்தின் கோணலைத் தீர்த்தல்போலக் கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்றும் அஃது உரைக்கும். புறநானூற்றிலும் பருத்தி நூற்கும் பெண்டிரைக் காண்கின்றோம். பனுவல் என்னுஞ் சொல்லும் பஞ்சிற்கும் பாட்டிற்கும் பொதுவாய் நின்றதன்றோ?

கைத்தொழிலை இழிவென்று கருதிய மக்கள், தம் கல்விக்கு உவமை தேடிக் கதிரும் பஞ்சும் இருக்குமிடத்திற்குச் சென்றிரார். புலவன் செய்வதும் நூற்கும் பெண் செய்வதும் ஒரு தன்மைய என்று அவர் உளமாரக் கருதினர். நாமோ அவ்வுருவகத்தைத் தேர்வின்பொருட்டு மனப்பாடஞ் செய்கின்றோம். கதிர் சுழன்று இழை நீள்வதை நம்மிற் பலர் ஒருமுறையேனும் கண்டதில்லை. உவமானத்தை அறியாதார்க்கு உவமேயம் எங்ஙனம் விளங்கும்?

பின்னலின் இலக்கணம்

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவிற் பாவும் ஊடும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். அதற்குத் தறி வேண்டும். தறி நிறுத்த இடமும் வேண்டும். பின்னலுக்கு ஒரு நூலும் இரண்டு ஊசியுமே போதும். நூலை வளைத்துக் கண்ணியாக்கி, அக்கண்ணியின் ஊடே மறு கண்ணியை இழுத்து, அதனூடே பிறிதொன்றை இழுத்து, வரிசை வரிசையாய் ஏற்றிச் செல்லுதலே அதன் தொழில். நூல் எங்கும் நேராய்க் கிடவாது வளைந்து வளைந்து நிற்றலால், பின்னிய துணி இழுத்தால் நீளும். விட்டாற் பழைய அளவிற்கு மீளும். உடலின் வளைவுகளோடு இசைந்து கிடக்கும். கம்பளியாயின், அக்கண்ணிகளிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும் மதிலாய் அமையும். நாம் கம்பளிச் சட்டையென்று அணிவது பாதி நூல், பாதி காற்று எனினும் பொருந்தும்.

இக்கலைக்கு அடிப்படையாவன இரண்டே பின்னல்கள். அவற்றை ஆங்கிலத்தில் நிட் என்றும் பர்ல் என்றும் கூறுவர். நாம் அவற்றை நேர்ப்பின்னல், மறுபின்னல் என வழங்குவோம். ஊன்றி நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றே என்பது புலனாகும். முன்புறத்தில் நேர்ப்பின்னலாய்த் தோன்றுவதே பின்புறத்திருந்து காண மறுபின்னலாய்த் தோன்றும். எல்லா வரிசைகளையும் நேர்ப்பின்னலாற் பின்னினால் இருபுறமும் வரம்பு வரம்பாய் மேடிட்ட துணி உண்டாகும். ஒரு வரிசை நேர், மறு வரிசை மறு என மாற்றிப் பின்னினால் முன்புறம் வழுவழுப்பான துணி உண்டாகும். ஒரே வரிசையில் இரு கண்ணி நேர், இரு கண்ணி மறு என மாற்றி, மேல்வரிசைகளிலும் அவ்வொழுங்கையே காத்துச் சென்றால், மணிக்கட்டையும் இடுப்பையும் கவ்விப் பிடிக்கும் பட்டை உண்டாகும். சில கண்ணிகளை இடம் மாற்றிக் குறுக்கிட்டு ஏற்றினால் முறுக்கிய கயிறுபோன்ற அணி துணியின்மேல் எழும்.

யாப்பிலக்கணம் கற்ற அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாதிராது. நேர், நிரை என்னும் இரண்டு அசைகளே நம் செய்யுளுக்கு அடிப்படை. அவ்விரண்டும் கூடியும் மாறியும் சீராகின்றன. சீர்கள் தளைபட்டு அடியாகின்றன. அடிகள் அடுக்கி வெண்பாவும் அகவலும் ஆகின்றன. தளை பிழைத்த இடத்தில் வெண்பாவின் ஓசை கெடுதல்போலக் கண்ணி நழுவிய இடத்தில் துணியில் ஓர் ஏணி கீழ்நோக்கி இறங்கும். முதல் முறை ஊசி பிடிப்பார்க்கு இவ்வேணி பேரச்சம் விளைப்பது. ஆயின் ஒரு கொக்கியூசி கொண்டு படிப்படியாய்க் கண்ணியை மேலேற்றிவிட்டால், பிழையிருந்த இடமே தெரியாது மறையும். செய்யுளுக்கும் இத்தகைய கொக்கியூசி ஒன்று இருப்பின் நம் வகுப்பினர் எத்துணை மகிழ்வர்!

இனி அளவையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒரு சட்டையின் முதுகுப்புறத்திற்கு வரிசையொன்றிற்கு 100 கண்ணியாக 120 வரிசை வேண்டுமெனக் கொள்வோம். அப்பக்கம் மட்டும் 12,000 கண்ணிகளாம். மார்புப்புறமும் இரு கைகளும் சேர்ந்தால் தொகை அதனினும் இருமடங்கிற்கு மேற்செல்லும். இவற்றுள் ஒன்றேனும் ஊசி நுனியைக் கடவாமல் தானே அமைந்ததன்று. இவ்வெண்ணை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகின்றேன். பின்னர் அது பயன்படும்.

செய்யின்பம்

பின்னுவார் பெறும் இன்பம் எத்தன்மைத்து? முதலாவது, முழுமையின் இன்பம். இக்காலத்துத் தொழில்கள் பெரும்பாலும் கூறுபட்டவை. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்ந்து, வேறொருவர் முடிக்கின்றனர். முடிந்த பொருளைக் காணும் பேறு பலர்க்கு வாய்ப்பதில்லை. கைப்பின்னலில் முதற் கண்ணி ஏற்றுபவரும் ஈற்றுக் கண்ணியை முடிபவரும் ஒருவரே. இஃது என் கையில் தொடங்கி என் கையில் முடிந்தது என்று சொல்லத்தக்க பொருள் நம்மிடம் எத்தனை உண்டு?

இரண்டாவது, அமைதியின் இன்பம். சில வாரங்கள் பழகிய பின்னர் விரல்கள் தாமே வழியறிந்து செல்கின்றன. அப்பொழுது கண்ணும் காதும் விடுதலை பெறுகின்றன. பின்னிக்கொண்டே பாட்டியின் கதையைக் கேட்கலாம். தம்பியின் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிச் செவிமடுக்கலாம். கையைக் கட்டி மனத்தை அவிழ்த்துவிடும் தொழில் இது. கைப்பேசியோ மனத்தைக் கட்டிவிட்டுக் கையைச் சும்மா அலைய விடுகின்றது.

மூன்றாவது, மீட்டுச் செய்தற்குரிய இன்பம். கத்தரித்த துணி மீண்டும் முழுத் துணியாகாது. பின்னிய சட்டையைப் பிரித்தால் அது பழையபடி நூலாகின்றது. குழந்தை வளர்ந்துவிட்டதென்று சிறிய சட்டையைப் பிரித்து, நூலை நனைத்துச் சுருக்கம் நீக்கி உலர்த்தி, புதுநூல் சிறிது சேர்த்துப் பெரிய சட்டையாக்குதல் குளிர்நாட்டு வீடுகளில் வழக்கம். அண்ணன் அணிந்த நீலம் தங்கையின் சட்டையில் ஒரு பட்டையாய் வந்து நிற்கும்.

இவையெல்லாவற்றினும் சிறந்தது நான்காவது. கடையில் வாங்குவோர் ஓர் அளவைக் கேட்டு வாங்குகின்றனர். பின்னுவோர் ஒருவரை நினைந்து பின்னுகின்றனர். அவர்தம் தோளின் அகலம், கையின் நீளம், அவர் விரும்பும் நிறம் ஆகியவை பின்னுவார் உள்ளத்தில் வாரக்கணக்காய்த் தங்கியிருக்கும். திருமறையில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் என்னும் அம்மையாரைக் குறித்து அப்போஸ்தலர் நடபடிகளிற் படிக்கின்றோம். அவ்வம்மையார் இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவர் தங்களோடிருந்த நாளிற் செய்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டி அழுதனர். அவர் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றேனும் அங்கே எழுதப்படவில்லை. அவர் கை செய்த ஆடைகளே அவர்க்குச் சாட்சியாய் நின்றன. மறைந்தவர் ஒருவரை அவர் செய்த துணியைத் தொட்டு நினைப்பது எவ்வளவு இயல்பானது!

தடை விடைகள்

இனி இதனை மறுப்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

வெப்பம் மிக்க நம் நாட்டில் கம்பளிச் சட்டை எதற்கு என்பர் ஒரு சாரார். உதகையிலும் கோடைக்கானலிலும் ஏர்க்காட்டிலும் வாழ்வோர் நம் மக்களல்லரோ என்று திருப்பிக் கேட்கலாம். பிறந்த குழந்தையின் தலைக்குக் குல்லாய் தேடாத வீடு சமவெளியிலும் இல்லை. அஃதன்றியும், பின்னல் என்றாற் கம்பளியே என்பது பிழை. உலகிற் கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப்பின்னற் பொருள்களில் முதலிடம் பெறுவன எகிப்து நாட்டு இடைக்காலக் காலுறைகள். அவை பருத்தி நூலாற் பின்னப்பட்டு, அவுரி நீலமும் வெண்மையும் கலந்த அணிகளோடு விளங்குகின்றன. ஆகவே வெப்ப நாடும் பருத்தியும் இக்கலைக்கு அயலானவையல்ல. நமக்கோ பருத்தி பழைய உறவு.

இது பெண்டிர் தொழில், ஆடவர்க்குத் தகாது என்பர் மற்றொரு சாரார். குன்னூரில் வாழும் என் அத்தையாரிடம் இக்கலையைக் கற்றுக்கொண்டு விடுதிக்கு வந்து யான் ஊசியெடுத்தபோது, நண்பர் சிலர் வாய்விட்டு நகைத்தனர். அவர்க்கு யான் கூறிய விடை இது. நம் கடற்கரை ஊர்களில் வலை பின்னுவார் யாவர்? அறுந்த வலையை மணலில் விரித்து, கால் விரலில் நூலை மாட்டிக் கண்ணி கண்ணியாய்ச் செப்பனிடும் வலிய கைகள் ஆடவர் கைகளன்றோ? தறியிலமர்ந்து பட்டு நெய்வாருள் ஆடவர் எத்துணைப் பேர்! தென்னமெரிக்காவில் பெரு நாட்டில், திதிகாகா ஏரியின் நடுவே தக்கீலே என்றொரு தீவுண்டு. அங்கே ஊசி கொண்டு பின்னுதல் ஆடவர்க்கே உரிய தொழில். சிறுவர் இளமையிலேயே கற்றுக்கொண்டு, தம் தலைக்குல்லாயைத் தாமே பின்னி அணிகின்றனர். அத்தீவினரின் ஆடைக்கலையை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மனித குலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாய் அறிவித்தது. ஆகவே ஊசிக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. நகைத்த நண்பர்களுள் இருவர், தம் தமக்கையர் வீட்டில் குழந்தை பிறந்தபோது, இருள் சூழ்ந்த பின் என் அறைக்கு வந்து மெல்லிய குரலிற் குல்லாய் கேட்டனர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடாமலிருக்க இயலவில்லை.

படிக்கும் மாணவர்க்கு இதற்கு நேரமேது என்பது மூன்றாவது தடை. நாளொன்றிற்கு அரைமணி போதும். அவ்வரைமணியை எங்கிருந்து எடுப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் கைப்பேசியையே கேட்டறிக. அது கணக்கு வைத்திருக்கின்றது.

பொறியும் கையும்

நான்காவது தடையே வலியுடையது. பொறி சில நிமிடங்களிற் பின்னித் தருவதை மனிதர் வாரக்கணக்காய்ப் பின்னுவது அறிவுடைமையாகுமா என்பது அது. இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1589ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரை அடுத்த கால்வர்ட்டன் என்னும் ஊரினராகிய வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியொன்றைக் கண்டுபிடித்தார். கைப்பின்னலால் வயிறு வளர்க்கும் எளியோர் பிழைப்புக் கெடும் என்றஞ்சி எலிசபெத் அரசியார் அதற்கு உரிமைப் பட்டயம் வழங்க மறுத்தார் என்பது வழிவழியாய் வரும் செய்தி. லீ பிரான்சு நாட்டிற்குச் சென்று அங்கேயே உயிர்நீத்தார். ஆயினும் அவர் பொறி அழியவில்லை; மீண்டும் இங்கிலாந்திற்கு வந்து பரவிற்று. அதன்பின் இருநூற்றாண்டு கழித்து, 1811ஆம் ஆண்டில், அந்நாட்டிங்காம் பகுதியிலேயே பொறிகொண்டு காலுறை பின்னும் தொழிலாளர் இரவிற் கூடிப் பொறிகளை உடைத்தனர். அவர்தம் வாழ்வே அப்பொறிகளை நம்பியிருந்தது. பொறி என்பதற்காக அவர் பொறியைப் பகைக்கவில்லை. கூலி குறைக்கப்பட்டதும், தரங்கெட்ட சரக்கைப் பெருக்கித் தொழிலின் நற்பெயரைக் கெடுத்ததுமே அவர் முறையீடு. எனவே பழைய வழக்கைக் கைக்கும் பொறிக்கும் இடையே நிகழ்ந்ததென்று மட்டும் கூறுதல் போதாது. உழைப்பின் மதிப்பைப் பற்றிய வழக்கும் அதனுள் அடங்கியிருந்தது.

நம் நாட்டில் நொய்யலாற்றங்கரையில் உள்ள திருப்பூரை அறியாதார் இலர். பின்னலாடை என்ற சொல்லே இன்று அவ்வூரை நினைவூட்டுகின்றது. நாம் நாள்தோறும் அணியும் பனியனும் கண்ணியால் ஆன துணியே. நேர்ப்பின்னலின் இலக்கணமே அங்கும் ஆட்சி புரிகின்றது. அப்பொறிகளை யான் பழிப்பேனல்லேன். ஏழை எளியோர்க்கும் குறைந்த விலையில் நல்லாடை கிடைப்பது பெரும் பேறு. ஆயினும் அங்கும் துணியை வெட்டுவதும் தைப்பதும் பிசிறு நீக்குவதும் மனிதர் கைகளே. பொறி செய்தது என்று நாம் எளிதிற் கூறும் சட்டையின் ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் ஒரு கை இருக்கின்றது. பொறியாடை மிகுந்ததால் அக்கை நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. மறைந்த கையைக் காட்டுங் கண்ணாடி, நாமே பின்னும் பின்னல்.

பொறி வந்ததனால் நடத்தல் ஒழிந்ததா? ஊர்தி இருந்தும் மாலையில் நடக்கின்றோம். இசைத்தட்டு இருந்தும் பாடுகின்றோம். அதுபோல் கைப்பின்னலும் தேவையைக் கடந்து இன்பமாய் நிற்கின்றது என்பதே இத்தடைக்கு விடை. ஆனால், இன்பம் என்று சொன்ன அவ்விடத்திலேயே ஒரு பெருந்தீங்கு பதுங்கியிருக்கின்றது. அதனைக் கூறாது முடிப்பின் இக்கட்டுரை வெறும் புகழுரையாய் ஒழியும்.

சும்மா இருக்கும் நேரம்

அந்நாளில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாகர்கோயிலில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820ஆம் ஆண்டையொட்டிய காலத்திற் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளை நட்டு, சிறு கட்டைகளிற் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்ணிய கலை அது. அவர் மகளார் எலைசா அம்மையார் கால்டுவெல் ஐயரை 1844ஆம் ஆண்டில் மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அக்கலையும் அவரோடு வந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் உலகிற்களித்த அவ்வறிஞரின் இல்லம் லேஸ் பின்னலுக்கும் ஓர் இல்லமாயிருந்தது என்பதைத் தமிழ் மாணவர் அறிதல் நலம். வேர்ச்சொற்களைப் பிரித்தாராய்ந்த மேசையும், நூற்கட்டைகள் உருண்ட திண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

இக்கலையால் விளைந்த பயன் வியக்கத்தக்கது. அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. 1855ஆம் ஆண்டிற்றான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைகளாயிருந்த சிறுமியர் சிலர் தாம் லேஸ் பின்னிப் பெற்ற ஊதியத்தைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறுகின்றது. ஊசியும் நூலும் ஒரு பெண்ணின் விலங்கை அறுத்தன. கைவினைக்கு இதனினும் பெரிய புகழ் யாது வேண்டும்?

ஆயின் இதே கலைக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஆந்திர நாட்டில் கோதாவரி ஆற்றங்கரையை அடுத்த நரசாபுரம் பகுதியிலும் கிறித்தவத் தொண்டர்கள் லேஸ் பின்னலைப் புகுத்தினர். நாளடைவில் அது கடல்கடந்து விற்கும் பெருவாணிகமாயிற்று. ஜெர்மானியச் சமூகவியல் அறிஞராகிய மரியா மீஸ் அம்மையார் அப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட உண்மை நெஞ்சைச் சுடுவது. அப்பெண்கள் நாள்முழுதும் பின்னினர். ஆயினும் அவரைத் தொழிலாளர் என்று எவரும் எண்ணவில்லை. வீட்டிலிருக்கும் மனைவியர் ஓய்வு நேரத்திற் செய்யும் வேலை என்று அவ்வுழைப்பிற்குப் பெயரிட்டு, அப்பெயராலேயே மிகக் குறைந்த கூலியை நிலைநிறுத்தினர். கலை ஒன்றே. ஓரிடத்தில் அது விலங்கை அறுத்தது, பிறிதோரிடத்தில் விலங்காயிற்று. உழைத்த நேரம் எண்ணப்பட்டதும் எண்ணப்படாததுமே இவ்வேறுபாட்டிற்குப் பெருங் காரணம்.

இதனை நூலிற் படித்தறியுமுன்னரே யான் கண்ணாற் கண்டதுண்டு. என் அத்தையார் குழந்தைகளுக்குக் குல்லாயும் சட்டையும் பின்னிச் சிறிது பொருளீட்டுவார். ஒருநாள் சமவெளியிலிருந்து வந்த அம்மையார் ஒருவர், ஒரு சிறு சட்டையைக் கையிலெடுத்து மிகவும் பாராட்டிவிட்டு, விலையைக் கேட்டதும் முகஞ்சுளித்து, "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னினதுதானே, இவ்வளவு கேட்கிறீர்களே!" என்றார். அத்தையார் சினந்தாரல்லர். "நான் சும்மா இருந்தேனா என்று இந்த ஊசியைக் கேளுங்கள், அம்மா" என்று மட்டும் கூறினார். வந்தவர் பாதி விலைக்குக் கேட்டு, கிடையாதெனவே சென்றுவிட்டார். அதே அம்மையார் பெருங்கடையிற் பொறியாடைக்கு ஒட்டியிருக்கும் விலையை ஒரு சொல்லும் பேசாது கொடுத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சும்மா இருக்கும் நேரம் என்னும் இச்சொற்றொடரை ஆராய்மின். அடுப்பெரியும்போதும், குழந்தை உறங்கும்போதும், பிறர் உறங்கிய பின்னும் தேடியெடுத்த நிமிடங்களுக்கு உலகம் இட்ட பெயர் அது. பின்னுதல் இன்பமானதே, யானும் இவ்வளவு நேரம் அதையே கூறினேன். ஆனால் செய்பவர் பெறும் இன்பம் செய்பவர்க்கே உரியது. வாங்குபவர் அதனைக் காட்டி விலையிற் கழித்துக்கொள்ளல் அறமன்று. பாடுவார்க்குப் பாடுதல் இன்பமே. அதனாற் பாணர்க்குப் பரிசில் வேண்டாவென்று நம் பண்டை வள்ளல்கள் கூறினரா? கற்பித்தல் இன்பம் என்பார் நம் ஆசிரியருட் பலர். அதனால் அவர்க்கு ஊதியம் வேண்டாவென்பார் யார்?

முன்னர்க் கூறிய 12,000 என்னும் எண்ணை இங்கே நினைவுகூர்க. ஒரே ஒரு முறை அத்துணைக் கண்ணிகளைத் தம் விரலாற் கடந்தவர், பிறர் பின்னிய சட்டையைக் கையிலெடுத்து அவ்வாறு பேரம் பேசமாட்டார். பேச முயன்றாலும் அவர் விரல்களே அவரைத் தடுக்கும். அறிவுரையால் விளையாத நீதி பழக்கத்தால் விளையும். இதுபற்றியே கைவினையைக் கல்வியின் ஒரு பகுதியென்று துணிந்து கூறுகின்றேன்.

நாம் செய்யத்தக்கது

இக்கருத்தைக் கருத்தளவில் விடாது, நம் கல்லூரிக் குடும்பத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

ஒன்று: வாரத்தில் ஒரு மாலை, விடுதியிற் கைவினைக்கென ஒதுக்கப்படுக. அதற்குப் புதிய ஆசிரியர் வேண்டா. நம்முள்ளேயே கலைஞர் உளர். வயர்க்கூடை பின்னுவார் ஒருவர், பனையோலைப் பெட்டி முடைவார் ஒருவர், கோரைப்பாயின் நுட்பம் அறிந்தார் ஒருவர், குரோஷாப் பின்னலில் வல்லார் ஒருவர் எனப் பல வீட்டுக் கலைகள் நம் விடுதி அறைகளில் வெளிப்படாது உறங்குகின்றன. நீலமலையிலிருந்து வந்த நண்பர்கள் தோடர் மகளிரின் பூவேலையைப் பற்றிக் கூறலாம். வெண்டுணியில் வரைபடமின்றி இழைகளை எண்ணியெண்ணியே செந்நூலாலும் கருநூலாலும் அணிசெய்யும் அக்கலைக்கு 2013ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆடவர் விடுதி, மகளிர் விடுதி ஆகிய இரண்டிலும் இம்மாலை நடைபெறுக.

மற்றொன்று: ஆண்டுதோறும் நற்பணிக்குப் பொருள் திரட்டக் கைவேலைப் பொருள்களை விற்கும் வழக்கம் நம்போன்ற கல்லூரிகளிலும் சபைகளிலும் உண்டு. அங்கே ஒவ்வொரு பொருளின்மீதும் விலையோடு, அதனைச் செய்யச் சென்ற மணிக்கணக்கையும் எழுதி ஒட்டுவோமாக. "குழந்தைச் சட்டை: முப்பது மணி" என்று ஒரு சிறு தாள் கூறுமாயின், பேரம் பேச எழும் நா தானே அடங்கும். செலவற்ற சீர்திருத்தம் இது. ஒரு பென்சிலும் துண்டுத்தாளும் போதும். பழைய மாணவப் பெருமக்கள் தத்தம் ஊர்களிலும் இதனைத் தொடங்கலாம்.

நூல் என்னும் சொல்லை இருபொருளில் வைத்த நம் முன்னோர், இரண்டையும் கற்றவரையே முழுமையுற்றவராய்க் கண்டிருப்பர் என்று எண்ணத் தோன்றுகின்றது. புத்தகமாகிய நூல் நமக்குப் பிறர் உள்ளத்தைக் காட்டுகின்றது. ஊசியிலேறும் நூல் பிறர் கையைக் காட்டுகின்றது. முன்னதைக் கற்க இக்கல்லூரிக்கு வந்தோம். பின்னதையும் கற்றுக்கொண்டு வெளியேறுவோமாயின், எங்குச் சென்றாலும் உழைப்பவர் எதிரில் நம் தலை தாழ்ந்து வணங்கும். விலை கேட்கும் நம் குரலும் மெல்லென ஒலிக்கும்.